பழைய வாகனத்தை உயர்த்துமுன் கணக்கை முழுதாக எழுதுவோம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வரிப் படிவம், ஓய்வூதிய நிதி, வீட்டுக் கடன் என்றுதான் உங்களோடு பேசுவேன். இம்மாதம் ஒரு மாறுதலுக்காக வாகனம் பற்றிப் பேசுகிறேன். இதுவும் கணக்கு விடயம்தான் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் பிள்ளைகள் பலரிடம் இப்போது பழைய நாலு சில்லு இயக்க வாகனங்கள் இருக்கின்றன. பிராடோ, பஜெரோ, பற்றோல் என்று இருபது, இருபத்தைந்து வயதான வண்டிகளை மலிவாக வாங்கி, மலைப்பாதைக்கும் கடற்கரை மணலுக்கும் கொண்டு போகிறார்கள். வாங்கிய கையோடு அடுத்த ஆசை, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது. இதற்கான உதிரித் தொகுதியை 'லிப்ட் கிற்' என்பார்கள். என் மகனும் ஒரு நாள் வந்து, "அப்பா, 650 டொலர்தான். நானும் மச்சானும் இரண்டு நாளில் பூட்டிவிடுவோம்" என்றான். வண்டி 1998ஆம் ஆண்டின் ரொயோற்றா பிராடோ. நானும் தலையாட்டினேன்.

பூட்டி முடித்த மறுவாரம் என் தாயாரையும் ஏற்றிக்கொண்டு குடும்பமாக மலைப்பக்கம் போய் வந்தோம். அம்மாவால் வண்டியில் ஏற முடியவில்லை. ஒரு சிறிய ஸ்ரூல் வைத்துத்தான் ஏற்றினோம். அன்று அதைச் சொல்லிச் சிரித்தோம். வந்த பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் வண்டியை மேலே தூக்கி, பின் அச்சைத் தொங்கவிட்டார். பின் பிறேக்குக்குப் போகும் றப்பர்க் குழாய் வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. ஒரு பள்ளத்தில் சில்லு இன்னும் சற்று இறங்கியிருந்தால் அது கழன்றிருக்கும், அல்லது வெடித்திருக்கும். அந்த வண்டியில்தான் மூன்று தலைமுறை போய் வந்திருந்தது. அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் மெக்கானிக்கிடம் கேட்டறிந்ததையும் கீழே தருகிறேன்.

முதலில், உயர்த்துவதால் என்ன கிடைக்கிறது? வண்டியின் உடல் உயரும். முன்னும் பின்னும் மேட்டில் இடிபடாமல் ஏறி இறங்கலாம். ஆனால் பிராடோ போன்ற வண்டிகளில் பின் அச்சு ஒரே துண்டான இரும்பு அச்சு. அதன் நடுவில் இருக்கும் டிபரன்சியல்தான் பின்புறத்தில் நிலத்துக்கு மிக அண்மையான பாகம். ஸ்பிரிங்கை மாற்றினால் உடல் உயருமே தவிர அந்த அச்சு ஒரு மில்லிமீற்றர்கூட உயராது. அதை உயர்த்தப் பெரிய ரயர் போட வேண்டும். அங்கும் பாதிக் கணக்குத்தான். ரயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் அச்சு 25 மி.மீ. மட்டுமே உயரும்.

இரண்டாவது, எதிலிருந்து அளப்பது? இருபத்தைந்து வருட ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து தாழ்ந்திருக்கும். அது தாழ்ந்த உயரத்திலிருந்து '50 மி.மீ.' என்று அளப்பவர்கள் பலர். சட்டம் பார்ப்பதோ தொழிற்சாலை கொடுத்த உயரத்திலிருந்து. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பூட்டிய பின்னும் அளந்து பாருங்கள். சில வேளைகளில் பழைய உயரத்துக்கான புது ஸ்பிரிங்கும் புது சொக் அப்சோபரும் போட்டாலே உங்கள் தேவை தீர்ந்துவிடும். அப்போது அனுமதியும் வேண்டாம், கவலையும் வேண்டாம்.

மூன்றாவது, முன்பக்க ஸ்பேசர். மலிவான தொகுதிகளில் முன்னுக்குப் புது ஸ்பிரிங் வராது. ஸ்ரட்டின் தலையில் வைக்க ஒரு வட்டத் துண்டுதான் வரும். எங்களுக்கு வந்தது 30 மி.மீ. தடிப்பு. பிள்ளைகள் வண்டி 30 மி.மீ. உயரும் என்று நினைத்தார்கள். ஆனால் ஸ்ரட் சில்லின் மேல் நேராக நிற்கவில்லை. அது கொன்ரோல் ஆமின் நடுப்பகுதியில் நிற்கிறது. துலாக்கோல் போல, நடுவில் கொஞ்சம் தள்ளினால் நுனி அதிகம் நகரும். இவ்வகை வண்டிகளில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அளந்தபோது எங்கள் வண்டி முன்னுக்கு 60 மி.மீ. உயர்ந்திருந்தது. சில்லு முழுதாகத் தொங்கும்போது சி.வி. ஜொயின்றும் போல் ஜொயின்றும் தாங்க வேண்டிய கோணத்தைத் தாண்டுகின்றன. அவற்றின் றப்பர் உறை கிழிந்து, தூசி புகுந்து, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நான்காவது, பிறேக். குழாயின் கதையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. பல பழைய வாகனங்களில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஒரு நெம்புகோல் பூட்டிய வால்வு இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் அது பின் பிறேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி வெறுமையாக இருந்தால் குறைக்கும். நாம் உடலை உயர்த்தியதும், ஆறு பேரும் சாமான்களும் இருந்தாலும் வண்டி வெறுமை என்றே அந்த வால்வு நினைக்கும். பின் பிறேக் பலம் குறையும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. அந்த நெம்புகோலின் இணைப்பை உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

ஐந்தாவது, பூட்டும் முறை. கொன்ரோல் ஆம்களின் மூட்டில் உள்ள றப்பர் புஷ், போல்ட் இறுகிய நிலையைத் தன் இயல்பு நிலையாகக் கொள்ளும். சில்லு தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் றப்பர் முறுகியே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே வண்டியின் பாரம் சில்லில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கல். பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பனாட் றொட் உடலை உயர்த்தியதும் அச்சைச் சற்று ஒரு பக்கம் இழுக்கும், அதையும் பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ற் கட்டாயம். ஹெட்லைற்றையும் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்குக் கீழே போகாதீர்கள். உறுதியான தரையில் ஸ்ராண்ட் வைத்த பின்தான் போக வேண்டும். ஸ்ரட்டிலிருந்து சுருள் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலை இருந்தால் அதைக் கராச்சுக்கே விடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும்.

ஆறாவது, சட்டமும் காப்புறுதியும். அவுஸ்திரேலியாவில் பொதுவாக சஸ்பென்சன் மூலம் 50 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் அங்கீகாரம் பெற்ற பொறியியலாளரின் சான்றிதழ் தேவை. ரயரைச் சேர்த்துக் கணக்கிடும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே வாங்குமுன் உங்கள் மாநிலத்தின் வீதிப் போக்குவரத்து அலுவலகத்தின் விதிகளைப் பாருங்கள். காப்புறுதி நிறுவனம் வாகனத்தில் மாற்றம் செய்தீர்களா என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். தவறான பதில் சொல்லியிருந்தால், 1984ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்தின்படி நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கவும் ஏமாற்று நோக்கம் இருந்தால் மறுக்கவும் இடமுண்டு. மோதியது எதிராளியின் விலையுயர்ந்த வண்டி என்றால், அந்தச் செலவு வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்தின் தலையில் விழும்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. தொகுதி 650 டொலர். 20 மி.மீ. மாற்று ஸ்பேசர் 80. நீளமான பின் சொக் அப்சோபர் இரண்டு 260. நீளமான பிறேக் குழாயும் எண்ணெயும் 110. புஷ் 180. அலைன்மென்ற் 120. மெக்கானிக் கூலி 440. மொத்தம் 1,840 டொலர். இதைவிடக் காப்புறுதிக் கட்டணம் வருடத்துக்கு 70 டொலர் கூடியது. ஒரு 650 டொலர் வேலை மூன்று மடங்கை நெருங்கியது. முதல் நாளே இந்தப் பட்டியலை எழுதியிருந்தால், இன்னும் ஆறு மாதம் பொறுத்து நல்ல தொகுதியாகவே வாங்கியிருப்போம்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புகையாகப் போனோம். 'எப்படியும் சமாளிக்கலாம்' என்ற அந்தத் துணிச்சல்தான் எங்களை உயிரோடு வைத்திருந்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. குண்டும் குழியுமான வீதியில் மெதுவாகத்தான் போனோம். இன்று பிள்ளைகள் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் போகிறார்கள், வழியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

என் மகனை நான் ஏசவில்லை. கிற்றின் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டியது நான்தான். "தம்பி, இனி எதை வாங்கினாலும் பட்டியலை முதலில் எனக்குக் காட்டு" என்று மட்டும் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இந்த ஆசையோடு ஒருவர் இருந்தால் தடுக்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து, ஒரு தாளில் மேலே சொன்ன ஆறையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையைப் போடுங்கள். பூட்டி முடிந்ததும், குடும்பத்தை ஏற்றுமுன், ஒரு மெக்கானிக் சில்லைத் தொங்கவிட்டு பிறேக் குழாயைப் பார்க்கட்டும்.

எங்கள் பிராடோ இப்போது முன்னுக்கு 40 மி.மீ. உயர்ந்து, சட்டத்துக்குள் நிற்கிறது. அம்மாவின் ஸ்ரூல் மட்டும் இன்னும் பின்னுக்குத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் மீண்டும் வரிக் கணக்கோடு சந்திக்கிறேன்.