செம்பாறைப் பாலையில் ஒரு பகல் நடை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவில், 600 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவர்கள் முழுக்கச் சாய்வான கோடுகள் ஓடுகின்றன. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வீசிய காற்று விட்டுச்சென்ற தடயங்கள் அவை. டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்தில் அந்த நிலம் சகாராவைப் போன்ற மணற்கடலாகக் கிடந்தது. மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கனிமங்கள் மணலை ஒட்டி இறுக்கின. அப்படி உருவானதே நவாஹோ மணற்கல். மணல்துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்த இரும்பு ஆக்சைடு அதற்குச் சிவப்பைத் தந்தது. ஸயானின் உச்சிப் பாறைகளில் பிற்காலத்தில் ஊடுருவிய திரவங்கள் இரும்பை அகற்றிவிட்டதால், அவை இன்று வெளுத்துத் தெரிகின்றன.

இந்த அழகைச் செதுக்கியவை வெயிலும் வெள்ளமும் உதிர்ந்து விழும் பாறையும்தான். அங்கே ஒரு பகல் நடக்கப் போகிறவர் அஞ்சவேண்டியவையும் அவையே. ஆகவே அந்த நிலம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்வதே நல்ல பயணத் திட்டத்தின் முதல் படி.

முதலில் வெயில். கோடையில் வெப்பம் பல நாட்களில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றில் ஈரம் மிகக் குறைவாக இருப்பதால் வியர்வை சுரந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். சட்டை நனையாது, தோல் உலர்ந்தே இருக்கும். உடலோ நீரை இழந்துகொண்டே இருக்கும். எனவே தாகத்தை நம்பிக் காத்திருக்காமல் சிறுகச் சிறுகக் குடிக்கவேண்டும். நாள் முழுக்க நடக்க ஒருவருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் தேவை. உப்புள்ள தின்பண்டமும் அவசியம். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

அதே மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் உள்ள டெலிகேட் வளைவுக்குப் போய்வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் 146 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் எளிய நடைதான். ஆனால் பெரும்பகுதி நிழலற்ற வெற்றுப்பாறை. மேலிருந்து வெயிலும் கீழிருந்து பாறைச்சூடும் தாக்கும். விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. வசந்தமும் இலையுதிர்காலமும் இந்த நடைக்கு மிகவும் ஏற்றவை.

அடுத்தது வெள்ளம். வெற்றுப்பாறையில் மழைநீரை உறிஞ்ச மண் இல்லை. பெய்ததெல்லாம் ஒரேயடியாகப் பள்ளத்தாக்குகளில் பாயும். தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கும்போதே, பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை வந்து சேர்ந்துவிடும். ஸயானில் ‘நேரோஸ்’ எனப்படும் ஆற்று இடுக்கில் வர்ஜின் ஆறுதான் பாதை. சில இடங்களில் அகலம் ஏழு மீட்டர்கூட இல்லை. நீர்வரத்து வினாடிக்கு 150 கனஅடியைத் தாண்டினால் பூங்காவினர் அதை மூடிவிடுவார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் இடுக்கில் திடீர் வெள்ளம் ஏழு பேரைக் கொன்றது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம் என்பதால், ஆற்றுக்கு நீர் தரும் மேட்டுநிலம் முழுவதற்குமான வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தபின்பே இறங்கவேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, உறுமல் கேட்டாலோ அந்தக் கணமே பக்கத்திலுள்ள மேட்டில் ஏறிவிடவேண்டும்.

பாறையும் அசையாப் பொருள் அல்ல. ஆர்ச்சஸ் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் உண்டு. ஏறத்தாழ 90 மீட்டர் நீளும் லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991இல் பெரும் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் அடிக்குச் சென்ற பாதை மூடப்பட்டது. 2008இல் வால் வளைவு முழுவதுமாகச் சரிந்தது. மழையில் நனைந்த மணற்கல் வலுவிழக்கும்; கைப்பிடியாகப் பற்றிய விளிம்பு உடைந்துவிடலாம். சரிவான பாறையில் ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால், இறங்க முடியும் என்ற உறுதி இல்லாத இடத்தில் ஏறவே கூடாது. வழிகாட்ட அடுக்கிய சிறு கற்குவியல்களைக் கலைக்கவும் கூடாது, புதிதாக அடுக்கவும் கூடாது.

காலடியில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. கறுத்து முண்டும் முடிச்சுமாகத் தெரியும் மண்ணின் மேலோடு உயிருள்ளது. சயனோபாக்டீரியாக்கள் ஒட்டும் இழைகளால் மணலைப் பின்னிப் பிடிக்கின்றன. லைக்கன்களும் பாசிகளும் அதன்மேல் வளர்கின்றன. காற்றில் மண் பறக்காமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் ஊட்டுவதும் இந்த மேலோடுதான். ஒரே மிதியில் நொறுங்கும் அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாதையிலோ, பாறையிலோ, வறண்ட ஓடை மணலிலோ மட்டும் கால்வைக்கவேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரில் சிற்றிறால்கள் வாழ்கின்றன. அதில் கைகழுவினால் தோலில் பூசிய களிம்பே அவற்றுக்கு நஞ்சாகும்.

பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, காகித வரைபடத்துடன் கிளம்பவேண்டும். பாதித் தண்ணீர் தீருமுன் திரும்பவேண்டும், சேரவேண்டிய இடம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும் சரி. பதற்றமின்றி நடப்பவரால்தான் நின்று சுவரின் கோடுகளை நிதானமாகப் பார்க்க முடியும். கவனமாகத் திட்டமிட்டவருக்கே அந்த நிலம் முழுதாகக் காணக் கிடைக்கிறது.