முகப்பூச்சிலும் ஆயுதப் பட்டியலிலும் ஒரே திரவம்

பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் துணி தோய்த்த தலைமுறைக்குப் ‘பட்டியல்’ என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். யூரியா, பற்றறி, சீமெந்து என வடக்குக்குக் கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். இன்று வீட்டில் ஷாம்பு, கிறீம் செய்து விற்கும் ஒரு பெண், தான் வாங்கும் ட்ரைஎதனோலமைனின் பெயர் இரசாயன ஆயுத சாசனத்தில் இருப்பதைக் கண்டால் பயப்படுவது இயல்புதான்.

பெயர் இருப்பது உண்மை. 1997 ஏப்ரல் 29 இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் அது இருக்கிறது. தோலைக் கொப்புளமாக்கும் நைதரசன் மஸ்டர்ட் நஞ்சுகளில் ஒன்றுக்கு இது மூலப்பொருளாகக் கூடியது என்பதே காரணம். ஆனால் மூன்றாம் அட்டவணை, சாதாரணத் தொழில்களில் பெருமளவு பயன்படும் பொருட்களுக்கானது. ஆண்டுக்கு 30 தொன்னுக்கு மேல் உற்பத்தி செய்யும் ஆலைகளைப் பற்றியே சாசனம் அறிவிக்கச் சொல்கிறது. ஒரு போத்தல் வாங்கிக் கிறீம் செய்பவருக்கு அந்தக் கடமை இல்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இதே பொருள் பெயர்த்துணுக்கு இல்லாத சோடாப் போத்தலில் ஊற்றப்பட்டு, குசினித் தட்டில் வைக்கப்படுகிறதே, அங்கேதான்.

ட்ரைஎதனோலமைன் நிறமற்ற அல்லது இளமஞ்சளான, தேன்போலத் தடித்த திரவம். இலேசான அமோனியா மணம் உண்டு. சுமார் 21 பாகை செல்சியசில் உறைவதால், எங்கள் வெயிலில் திரவமாகவே இருக்கும். குளிரூட்டிய அறையில் கட்டியாகலாம். கட்டியானால் பழுதாகிவிட்டது என்று அர்த்தமல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இதன் முக்கிய குணம் காரத்தன்மை. ஸ்டியரிக் அமிலத்தோடு சேரும்போது ஒருவகைச் சவர்க்காரமாகி, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும். வெள்ளைக் கிறீமின் இரகசியம் அதுதான். கொரோனாக் காலத்தில் கைகளில் பூசிய ஜெல் சிலவற்றைத் தடிப்பாக்கியதும் இதுவே. சீமெந்து ஆலைகளில் கிளிங்கரை அரைக்கும்போதும் மிகச் சிறிதளவு சேர்ப்பார்கள்.

இதற்கு இரண்டு உறவுகள் உண்டு. மொனோஎதனோலமைன் தோலையும் கண்ணையும் அரித்துப் புண்ணாக்கும். எரிவாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்கவும் அமோனியா இல்லாத தலைமுடிச் சாயங்களிலும் பயன்படுவது. டைஎதனோலமைனைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ட்ரைஎதனோலமைன் அந்தப் பிரிவில் இல்லை. லேபிளில் ரி.ஈ.ஏ, டி.ஈ.ஏ என ஒரேயோர் எழுத்துத்தான் வித்தியாசம், அதுவும் ஆங்கிலத்தில். ‘ரி.ஈ.ஏ 85’ என்றிருந்தால் மீதி 15 வீதம் தண்ணீரா டி.ஈ.ஏயா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் நுரைக்காகச் சேர்க்கும் சி.டி.ஈ.ஏ தேங்காயெண்ணெயோடு டி.ஈ.ஏ சேர்ந்து உருவாவது. அதுவும் 2பி தான்.

கழுவிவிடாமல் தோலில் தங்கும் கிறீம்களில் ரி.ஈ.ஏ 2.5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எங்களுக்கும் அது நல்ல அளவுகோல். நைத்திரைற்று உள்ள எதையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. நைத்ரோசமைன் என்ற புற்றுநோய்ச் சந்தேகப் பொருட்கள் உருவாகும். குளோரின் வெளிற்றும் திரவத்தோடும் கலக்கக் கூடாது. ஒரே மேசையில் இரண்டையும் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களை இது அரிக்கும். தடித்த பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கு போதும். இறப்பர்க் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கை அடிக்கடி சிவந்து, வெடித்து, கடித்தால் அது ‘வேலை செய்த கை’ அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள். அதற்காகவாவது, ஊற்றி வைக்கும் ஒவ்வொரு போத்தலிலும் பெயரையும் வாங்கிய திகதியையும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.