மழைக்கு முன் மண் போட்டவர்கள்

டெல்லியில் ஜுக்கி எனப்படும் குடிசைக் குடியிருப்புகளில் மே மாதம் பிறந்துவிட்டால் மல்பா தேடும் வேலை ஆரம்பமாகிவிடும். எங்கே பழைய வீட்டை இடிக்கிறார்கள், எங்கே சுவரை உடைக்கிறார்கள் என்று விசாரித்து, அந்தச் செங்கல் துண்டையும் காரையையும் தள்ளுவண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டுவந்து கல்லியில் கொட்டுவார்கள். கட்டட இடிபாட்டுக்குத்தான் அங்கே மல்பா என்று பெயர். கல்லி என்றால் நம் ஊர்ச் சந்து. கொட்டிய மல்பாவைச் சுத்தியலால் உடைத்துப் பள்ளங்களில் நிரப்புவார்கள். அதன்மேல் பதர்பூர் என்று கடைகளில் விற்கும் சிவந்த பெருமணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டை கிடைத்தால் அதனாலும் கிடைக்காவிட்டால் காலாலும் இறுக்குவார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும் பாதை தயார். டெண்டர் கிடையாது, ஒப்பந்ததாரர் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல், லீவு நாளில் ஆளுக்கொரு கை. ஜூன் கடைசி வாரத்தில் டெல்லிக்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

மதராசி கேம்ப்பில் இனி யாரும் மழைக்கு முன் மண் போட வேண்டியதில்லை. ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுல்லா நாலா என்னும் வடிகாலின் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்பு 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை இடிக்கப்பட்டது. 370 வீடுகள். பருவமழைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

இடிப்பைப் பற்றி அப்போது நிறைய எழுதினார்கள். நான் எழுத நினைப்பது அந்த வீடுகளுக்கு இடையே கிடந்த பாதைகளைப் பற்றி. யாருடைய கணக்கிலும் ஏறாத பாதைகளை ஐம்பது ஆண்டு காலம் கட்டிக்காத்த உழைப்பைப் பற்றி.

1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அந்த நாலாக் கரையில் குடிசை போட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ரயிலேறி வந்தவர்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். பெண்கள் ஜங்புரா, போகல், நிஜாமுதீன் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள். ஆண்கள் கட்டட வேலை, பெயின்ட் வேலை, டிரைவர் வேலை என்று பிரிந்து போனார்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிக்குப் போனார்கள். இது அத்தனையும் காலால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது. நடக்கிறவர்களுக்குப் பாதை வேண்டும். நாலாக் கரையில் பாதை தானாக வந்துவிடாது.

மண் பாதையைச் சக்கரத்தைவிட வேகமாகக் கெடுப்பது தண்ணீர்தான். சாலைப் பொறியாளர்கள் சொல்லும் முதல் பாடமே இது. தார்ச்சாலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 அல்லது 2.5 சதவீதச் சரிவு போதும். மண் சாலைக்கு 4 முதல் 5 சதவீதம் வேண்டும் என்கின்றன நம் நாட்டுச் சாலை விதிகள். அதாவது ஒரு மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர் இறக்கம். நடு முதுகு மேடாக இருந்தால் விழுந்த மழை நிற்காமல் இரு பக்கமும் ஓடிவிடும். நின்றால் மண் ஊறும். ஊறிய மண் மிதிபட்டுக் குழியாகும். குழியில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கும். கிராமத்துப் பாதையில் ஓரத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

நாலடி அகலக் கல்லியில் இந்தப் பாடம் செல்லாது. இரு பக்கமும் சுவர், சுவரை ஒட்டி வாசல். நடுவை மேடாக்கினால் தண்ணீர் நேரே வீட்டுக்குள் போகும். அதனால் ஜுக்கிகளில் பல இடங்களில் சரிவைத் தலைகீழாக வைக்கிறார்கள். இரண்டு ஓரமும் உயரம், நடுவில் பள்ளம், பள்ளத்தில் சாக்கடை ஓட்டம். பாதையே வாய்க்கால், வாய்க்காலே பாதை. எந்தப் பாடப்புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்த தீர்வு இது. இடத்துக்குப் பொருத்தமான தீர்வும் இதுதான்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கோடையிலும் மல்பா போடப் போடப் பாதை உயரும். பாதை அரையடி ஏறினால் வாசல் அரையடி இறங்கியதாக அர்த்தம். உடனே வாசலில் இரண்டு வரிசைச் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டுவார்கள். அடுத்த சில வருடத்தில் அதுவும் போதாமல் உள்ளே தரையை உயர்த்துவார்கள். தரை ஏறினால் தகரக் கூரை தலையில் இடிக்கும். காசு இருப்பவர் சுவரையும் சேர்த்து உயர்த்திக் கூரையை மாற்றுவார். இல்லாதவர் குனிந்து நுழைவார். டெல்லியின் பழைய ஜுக்கிகளில் தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி வீட்டுக்குள் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு படி எத்தனை மழைக்காலத்தின் கணக்கு என்று. ஒரு குடியிருப்பின் வயதைக் கேட்டு ரேஷன் கார்டைத் தேடுகிறார்கள். வாசல்படியைத் தோண்டிப் பார்த்தாலும் தெரியும்.

1972-ல் மத்திய அரசு குடிசைப் பகுதிகளின் சூழலை மேம்படுத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடிநீர்க் குழாய், வடிகால், தளம் போட்ட பாதை, பொதுக் கழிப்பறை, தெருவிளக்கு எல்லாம் அதில் உண்டு. 2010-ல் சட்டம் இயற்றி அமைத்த டெல்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியத்துக்கும் ஜுக்கிகளில் சிமென்ட் பாதையும் வடிகாலும் போடும் பொறுப்பு இருக்கிறது. போடுகிறார்கள். ஆனால் போட்டதைப் பராமரிப்பது பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. 'பொது நிலம், ஆக்கிரமிப்பு' என்று கோப்பில் எழுதிய இடத்துக்கு எந்த அலுவலகமும் வருடா வருடம் பராமரிப்பு நிதி ஒதுக்காது.

கிராமத்தின் நிலை வேறு. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேர் வாழும் குக்கிராமத்துக்கும், மலையிலும் பாலைவனத்திலும் 250 பேர் வாழும் ஊருக்கும் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் சாலை என்று இலக்கு வைத்தார்கள். சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்றும் விதி. ராஜஸ்தான் மணலில் 250 பேருக்குக் கிடைத்த அந்த உறுதி, தலைநகரின் நடுவில் 370 குடும்பங்களுக்கு இல்லை.

பாலைவனம் என்றதும் இன்னொரு இடம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தில் டெர்லிங்குவா ராஞ்ச் என்ற பரந்த குடியேற்றம் இருக்கிறது. பழைய பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாக விற்ற இடம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெகுதூரம் மண் பாதை. நில உரிமையாளர் சங்கம் ஆண்டுச் சந்தா வசூலித்து அந்தப் பாதைகளைப் பராமரிக்கிறது. மழை அபூர்வம், பெய்தால் வெள்ளம். மற்ற நாளில் புழுதி. வண்டி ஓடி ஓடி பாதை அலை அலையாக மடிந்துவிடும். இந்த அலை ஏன் வருகிறது என்று 2007-ல் டேபர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சுழலும் மணல் மேடையில் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அலை வந்தே தீரும் என்று தெரிந்தது. சமன் செய்தால் மறுபடி வரும், மறுபடி சமன் செய்ய வேண்டும். மண் பாதையில் வேலை முடிந்தது என்ற நாளே கிடையாது.

டெக்சாஸ் நில உரிமையாளரும் நாலாக் கரைத் தமிழரும் செய்தது ஒரே வேலை. அரசு வராத பாதைக்குத் தாங்களே காசு போட்டு மண் போட்டார்கள். அவர் கையில் பத்திரம் இருக்கிறது, அதனால் அவர் போட்ட மண் அவருடைய சொத்துக்குச் சேர்கிறது. இவரிடம் பத்திரம் இல்லை, அதனால் இவர் போட்ட மண் ஆக்கிரமிப்புக் கணக்கில் சேர்ந்தது.

நாலாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 2024 ஜூன் 28 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை மையத்தில் 24 மணி நேரத்தில் 228.1 மி.மீ. மழை கொட்டியது. 88 ஆண்டுகளில் காணாத ஜூன் மழை. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூலை 13-ல், யமுனை 208.66 மீட்டருக்கு உயர்ந்து பழைய அளவுகளையெல்லாம் முறியடித்தது. தென் டெல்லியின் தண்ணீரை யமுனைக்குக் கொண்டுபோகும் பாராபுல்லா நாலா தூர்ந்து கிடந்தால் நிஜாமுதீனும் ஜங்புராவும் மூழ்கும். தூர்வார இயந்திரம் போக வேண்டும், அதற்குக் கரையில் இடம் வேண்டும் என்பதுதான் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வாதம். 2025 மே 9-ல் நீதிமன்றம் இடிப்புக்கு நாள் குறித்தது. பொது நிலம் என்பதால் மறுவாழ்வு உரிமைக்கு மேல் எதையும் கோர முடியாது என்றது. நாலா தூர்வாரப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நாலாவைத் தூர்த்தது அரை டெல்லியின் குப்பையும் கழிவும். 370 குடும்பங்கள் மட்டுமே தூர்த்துவிட்டதாகப் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இடத்தில் மூன்று பாதைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. முதலாவது, ஜஹாங்கீர் காலத்தில் மிஹ்ர் பானு ஆகா கட்டிய பாராபுல்லா பாலம். பன்னிரண்டு தூண், பதினொரு வளைவு. நாலாவுக்கே பெயர் கொடுத்தது அதுதான். நானூறு ஆண்டுப் பழமை என்பதால் அதை மீட்டுப் பாதுகாக்கிறார்கள், சரியான காரியம். இரண்டாவது, 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அதே நாலாவின் தடத்தில் எழுப்பிய பாராபுல்லா மேம்பாலச் சாலை. அதற்குப் பராமரிப்பு உண்டு, நிதி உண்டு. மூன்றாவது, இந்த இரண்டுக்கும் நடுவே கேம்ப்பின் கல்லிகள். வரைபடத்தில் பெயர் இல்லாத அந்தப் பாதைகள் மட்டும் ஒரே நாளில் போய்விட்டன.

பாதைக்கும் குடிசைக்கும் இடையே நடந்த வழக்கு டெல்லிக்குப் புதிதல்ல. சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில் குடிசை போட்டவர்களுக்கு மறுவாழ்வே கிடையாது என்று டெல்லி அரசு ஒரு காலத்தில் வாதாடியது. 2010 பிப்ரவரி 11-ல், சுதாமா சிங் வழக்கில், தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும் நீதிபதி எஸ். முரளிதரும் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். 2019-ல் அஜய் மாக்கன் வழக்கில் நீதிபதிகள் முரளிதரும் விபு பக்ருவும் நகரத்தின் மீது ஏழைக்கும் உரிமை உண்டு என்ற கருத்தை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்புகளுக்கு நடுவே வந்ததுதான் 2015-ன் டெல்லி மறுவாழ்வுக் கொள்கை. முடிந்தவரை அதே இடத்தில் வீடு, இல்லையென்றால் 5 கி.மீ. சுற்றளவுக்குள் வீடு, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் வாரியத்தின் அனுமதியோடு அதற்கு அப்பால் என்கிறது அது.

மதராசி கேம்ப் மக்களுக்குக் கிடைத்தது நரேலா. டெல்லியின் வட எல்லை, சுமார் 40 கி.மீ. தூரம். 370 குடும்பங்களில் 215 குடும்பங்களுக்குத்தான் தகுதி என்றார்கள். முதலில் 189 என்று சொல்லி, பிறகு 26 சேர்த்தார்கள். மீதி 155 குடும்பங்களிடம் 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே வாழ்வதைக் காட்டும் சரியான காகிதம் இல்லை என்றார்கள், அல்லது இருந்த காகிதம் போதவில்லை என்றார்கள்.

நரேலாவில் கிடைத்தவை அடுக்குமாடி வீடுகள். மாடிப்படிக்கு யாரும் மல்பா போட வேண்டாம். வாசலில் தண்ணீர் நிற்காது. ஆனால் ஜங்புராவில் காலை ஆறரை மணிக்குப் பாத்திரம் தேய்க்க நிற்க வேண்டிய பெண்ணுக்கு, நாலடிக் கல்லிக்குப் பதிலாக 40 கி.மீ. சாலை வாசலில் வந்து விழுந்துவிட்டது. பத்து நிமிட நடை, இரண்டு மணி நேரப் பயணமாகிவிட்டது. மூன்று வீடு வேலை செய்தவர் ஒரு வீட்டோடு நிறுத்த வேண்டும், இல்லை வேலையையே விட வேண்டும். அவர் ஐம்பது ஆண்டு கூட்டிப் பெருக்கி மண் போட்டுக் காத்த பாதை, வேலைக்குப் போகும் பாதை. அதை இடித்துவிட்டு வீட்டை மட்டும் கொடுப்பது பாதி மறுவாழ்வுகூட ஆகாது.

2019 அக்டோபர் 29-ல் டெல்லி அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. நல்ல திட்டம். அது இந்தப் பெண்களுக்குப் பயன்பட வேண்டுமானால் பேருந்து அவர்கள் வேலை நேரத்துக்கு ஓட வேண்டும். அதனால் டெல்லி அரசிடமும், டெல்லியில் இருக்கும் தமிழக அரசின் பிரதிநிதிகளிடமும், டெல்லித் தமிழ் அமைப்புகளிடமும் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நரேலா குடியிருப்பிலிருந்து ஜங்புராவுக்கும் நிஜாமுதீனுக்கும் அதிகாலை நான்கரை மணியிலிருந்து நேரடிப் பேருந்து விடுங்கள். விடுபட்ட 155 குடும்பங்களின் மனுவை மறுபடி எடுத்துப் பாருங்கள். அடுத்த கேம்ப்பை இடிக்க நாள் குறிப்பதற்கு முன்னால், கொள்கையில் நீங்களே எழுதிய 5 கி.மீ.க்குள் வீடு தேடுங்கள்.