சருகு இல்லாத காடு

திறந்தவெளியில் குப்பை எரித்தால் ஐயாயிரம் ரூபாய் அபராதம். பெரிய அளவில் குவித்து எரித்தால் 25,000. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதற்கும் பிறப்பித்த உத்தரவு இது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் வேம்பும் புங்கமும் இலை கொட்டும் மாசி, பங்குனியில் தெருவுக்குத் தெரு கூட்டிக் குவிக்கப்படும் சருகும் அந்த உத்தரவின் கணக்கில் குப்பைதான். அள்ளிப்போக வருகிறவர்களுக்கும் அது தொல்லைதான்: குவியல் பெரிதாக இருக்கும், எடை இராது, வண்டியில் இடத்தை மட்டும் அடைக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தீக்குச்சி வேலையை முடித்துவிடுகிறது.

அங்கிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில், இதே சருகுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கதை கிடைக்கும். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பு தொடங்கப்பட்டபோது அந்த மேட்டில் ஓர் ஆலமரமும் சிதறிக் கிடந்த பனைகளும் அங்கங்கே முந்திரியும்தான் நிழல். தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டப்பட்டு, ஆடு மாடு மேய்ந்து, மேல்மண் கழுவப்பட்டு, சரளை தெரிந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைகள் செக்கச்செவேலென்று பாய்ந்து கரையோரக் கடலைச் சிவப்பாக்கின. வெட்டியெடுத்ததைப் போன்ற பள்ளங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாயின.

எழுபதுகளில் அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து ஆட்களும் முதலில் செய்தது மண்வேலை. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். பிறகு மரம். எது பிழைக்குமோ அதை நட்டார்கள். அப்படிப் பிழைத்ததில் முன்னால் நின்றது அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்ற ஆஸ்திரேலிய மரம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளக்கூடியது. எருவில்லாத மண்ணிலும் மளமளவென்று வளரும். இன்று ஆரோவில்லில் நட்ட மரங்கள் இருபது லட்சம் என்றும் முப்பது லட்சம் என்றும் சொல்கிறார்கள். ஆரோவில் பற்றிய கட்டுரைகள் இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அந்த மேடு எந்த அளவுக்குக் காடாகியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

மழையிலிருந்து தொடங்கலாம். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. மரம் இருந்தால் இலை அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தாங்கிக்கொள்கிறதுதான், ஆனால் இலை நுனியில் துளிகள் ஒன்றுசேர்ந்து, வானத்திலிருந்து வந்ததைவிடப் பெரிய துளியாகச் சொட்டுகின்றன. மரம் எட்டுப் பத்து மீட்டர் உயரமென்றால், இழந்த வேகத்தில் பெரும்பகுதியை அந்தத் துளி கீழே வருவதற்குள் திரும்பப் பெற்றுவிடுகிறது. சருகு எரிந்துபோன தேக்குத் தோட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தலைக்கு மேலே அகன்ற பச்சை இலை, காலடியில் அரித்துப்போய் வேர் தெரியும் மண். சருகு இல்லாத உயரமான தோப்பில் மண்ணரிப்பு வெட்டவெளியைவிட மோசமாகக்கூட இருக்கும். மரம் நட்டால் மண் பிழைக்கும் என்பது பாதி உண்மைதான். மண்ணைக் காப்பது மரத்தின் இலை. அதுவும் தரைக்கு வந்த இலை.

அடுத்தது உரக் கணக்கு. உதிர்வதற்கு முன்னால் மரம் அந்த இலையிலுள்ள நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறக்குறைய பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் ஃபேனையும் டியூப்லைட்டையும் கழற்றிக்கொண்டு போவது மாதிரி. மீதிப் பாதியும் கால்சியமும் மற்ற உப்புகளும் சருகோடு கீழே வருகின்றன. வெப்பமண்டலக் காடுகளில் பெரும்பாலும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து டன் வரை இப்படி உதிர்கிறது. ஆரோவில் மேட்டைப் போன்ற செம்மண்ணுக்கு இந்த வரவு வேறெங்கையும்விட முக்கியம். அங்குள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை வேருக்கு எளிதில் விடாது. மண்ணின் பிடியில் சிக்குவதற்குள் மக்கும் சருகிலிருந்தே அதை உறிஞ்சிக்கொள்ள மெல்லிய வேர்களும் அவற்றோடு வாழும் பூஞ்சை இழைகளும் மேலடுக்குக்கு ஏறி வருகின்றன. பழைய காட்டில் சருகை மெல்ல விலக்கினால் வெள்ளை நூல்போல ஓடுவது அந்த இழைகள்தான்.

சருகு விழுந்தால் மட்டும் போதாது, அது தின்னப்படவும் வேண்டும். நட்டு வளர்த்த காடுகள் பல இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஒரே வகை மரத்தை நெருக்கி நட்ட தோப்புக்குள் நடந்தால் கால் புதையும் அளவுக்குச் சருகு கிடக்கும். பார்க்க வளமாகத் தோன்றும். உண்மையில் அது தேங்கிக் கிடக்கிறது. அக்கேசியாவில் நாம் இலை என்று நினைப்பது தட்டையாகிப்போன இலைக்காம்பு. தடித்தது, டானின் மிகுந்தது. அதைத் துண்டாக்க மரவட்டை வேண்டும், கரையான் வேண்டும், மண்புழு வேண்டும். அவை துண்டாக்கிய பிறகுதான் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. பல்லாண்டு பொட்டலாகக் கிடந்த நிலத்தில் இந்த உயிர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? மரக்கன்றை நர்சரியிலிருந்து வண்டியில் ஏற்றி வரலாம். மரவட்டையை யாரும் ஏற்றி வருவதில்லை.

நம் கடற்கரைக்குச் சொந்தமான காட்டில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் புதுச்சேரிக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியிருக்கும் சாமிக்காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் குறிப்பிடும் வகையைச் சேர்ந்தது. சோழமண்டலக் கரையோரமாக ஒரு காலத்தில் நீண்டு கிடந்து, இன்று பெரும்பாலும் கோயில்களை ஒட்டிய துண்டுகளாக மிஞ்சியிருக்கும் காடு. பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல். அவற்றின் மேல் பின்னிக் கிடக்கும் கொடிகள். மழை ஆண்டில் மூன்று மாதம். மற்ற நாளெல்லாம் வெயில். ஆனாலும் மரங்கள் மொட்டையாவதில்லை. தோல்போலத் தடித்த சிறு இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. வறண்ட மாதங்களில் அதிகமாக. அப்படிச் சேர்ந்த சருகு வடகிழக்குப் பருவமழையில் ஊறி, அந்தச் சில மாதங்களில் வேகமாக மக்குகிறது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் காடுகளின் தட்பவெப்பத்தையும் பரவலையும் ஆராய்ந்தார்கள். காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகச் சூழலியல் துறையினர் மரம் மரமாக, கொடி கொடியாக எண்ணினார்கள். தொண்ணூறுகளிலேயே புத்துப்பட்டிலும் மரக்காணம் காப்புக்காட்டிலும் உதிரும் சருகை எடை போட்டுப் பதிவுசெய்திருக்கிறார்கள். மீட்டெடுக்கும் காட்டுக்கு இலக்கு எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் அசல் இருக்கிறது.

ஆரோவில்லில் பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் வேலை அந்தத் திசைக்குத் திரும்பியது. அக்கேசியா நிழலில், அக்கேசியாச் சருகு கொஞ்சமாவது மெத்தென்றாக்கிய தரையில், வீரையும் காயாவும் பாலையும் ஊன்றப்பட்டன. இவற்றின் கன்றுகள் மெதுவாக வளர்பவை. திறந்த வெயிலில் கருகக்கூடியவை. வெளிநாட்டு மரத்தைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இங்கே அது செய்த வேலையையும் சொல்ல வேண்டும்: அது உதிர்த்த முதல் சருகு இல்லாமல் நாட்டுக் கன்றுகளுக்குக் கால் ஊன்ற இடமிருந்திருக்காது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையேறியபோது, ஆரோவில்லின் அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரமும் கிளையும் இலையும் ஒரே இரவில் தரைக்கு வந்தன. திறந்த இடைவெளியில் வெளிச்சம் இறங்கியது. கீழே காத்திருந்த நாட்டு மரங்களுக்கு அது வாய்ப்பானது.

அங்கேயே இன்னொரு சிறிய உதாரணம் உண்டு. பெபிள் கார்டன் என்ற நிலத்தில் 1994 முதல் ஒரு தம்பதி, வெளிமண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டாமல், பொட்டல் சரளையின் மேல் மண்ணையே உருவாக்கப் பார்த்தார்கள். வறட்சி தாங்கும் ஓர் அக்கேசியா வகையின் சருகுதான் அவர்களுடைய முக்கிய மூலதனம். இயற்கை விவசாயிகள் மூடாக்கு என்று சொல்கிற அதே முறை. பயிருக்குப் பதிலாக நிலத்துக்கே போட்டது. அந்த இடத்தில் பின்னாளில் நாட்டுக் காய்கறி விதைகளைப் பெருக்கிப் பாதுகாக்கும் தோட்டம் வந்தது.

சருகின் சக்திக்கு உலகம் அதிகம் பேசிய சாட்சி கோஸ்டாரிகாவில் இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனம், பிழிந்த தோலையும் சக்கையையும் குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதிக்குள் கெட்டுப்போய்க் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் கொட்ட ஒப்பந்தம் போட்டது. திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியலாளர் தம்பதி. மூன்று ஹெக்டேரில் 12,000 டன் இறங்கியது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது, நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஏறத்தாழ பதினாறு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் இடத்தையே அடையாளம் காண முடியாமல் திணறினார்கள். பக்கத்து நிலத்தைவிட மரப்பொருள் 176 விழுக்காடு அதிகம் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. மட்கும் பொருள் தடித்துக் கிடந்ததில் களைப்புல் மூச்சுமுட்டிச் செத்தது, மண் செழித்தது, மரங்கள் வந்தன. ஆரஞ்சுத் தோல் சருகு அல்ல, தத்துவம் ஒன்றுதான்.

மரவட்டையை ஏற்றி வருவதில்லை என்றோமே, ஆஸ்திரேலியாவில் அதையும் முயன்றிருக்கிறார்கள். லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய காட்டுத் துண்டுகளிலிருந்து கொஞ்சம் சருகையும் மேல்மண்ணையும் எடுத்து, புதிதாக மரம் நட்ட இடங்களில் பரப்பி, அதோடு வந்த சிற்றுயிர்கள் குடியேறுகின்றனவா என்று பார்த்தார்கள். நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். புத்துப்பட்டு போன்ற சாமிக்காடுகள் சிறியவை. ஊரெல்லாம் சாக்கோடு வந்தால் அசல் காடு அழிந்துபோகும்.

சருகுக்கு இங்கே எதிரிகளும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. கரையோரக் கிராமங்களில் சவுக்குத் தோப்பிலும் முந்திரிக்காட்டிலும் சருகு வாரி அடுப்பெரித்த பெண்களுக்கு அது விலையில்லாத விறகு. முந்திரிக்காரர் கொட்டை விழும் பருவத்தில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்குவார். பெருக்காவிட்டால் விழுந்த கொட்டை கண்ணுக்குத் தெரியாது. கோடையில் காய்ந்த சருகு ஒரு பீடித் துண்டுக்குப் பற்றிக்கொள்ளும். கண்ணாடி விரியன் அதே நிறத்தில் அதே இடத்தில் படுத்திருக்கும். ஆகவே நடைபாதையை, வீட்டோரத்தைப் பெருக்குவதில் தவறில்லை. காட்டின் உட்புறத்தைப் பெருக்குவதுதான் பிழை. நகரங்களில் மியாவாக்கி முறையில் அடர்ந்து நட்ட குட்டிக் காடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகள் வைக்கோல் மூடாக்குப் போட்டு வளர்க்கிறார்கள். பிறகு பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பூங்காவைப் போலத் துடைத்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குத் துடைத்த தரைதான் அழகு.

தரை தேறிவிட்டதா என்பதைப் பறவைகளும் காட்டிக்கொடுக்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஆறுமணிக்குருவி, மரக்கிளையில் அல்ல, நிழலான தரையில்தான் இரை தேடும். சருகைப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டமும் அப்படியே. புரட்டச் சருகும் அதற்கடியில் இரையும் இல்லாத தோப்பு, எத்தனை பச்சையாக இருந்தாலும், இவற்றுக்குப் பயன்படாது.

மரம் நடும் திட்ட அறிக்கைகளில் எத்தனை கன்று, எத்தனை விழுக்காடு பிழைத்தது என்ற இரண்டு கட்டங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். சருகு எவ்வளவு விழுந்தது, எவ்வளவு மக்கியது என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவிகள் மிக எளியவை: உதிர்வதைப் பிடிக்க ஒரு சதுர மீட்டர் நைலான் வலை, எடை தெரிந்த காய்ந்த இலைகளை அடைத்துத் தரையில் போட்டுவைக்கும் சல்லடைக்கண் பைகள், ஒரு தராசு. ஏப்ரலில் பத்துப் பத்துக் கிராம் வைத்த பைகளை மாதம் ஒன்றாக எடுத்துக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். கார்த்திகை மழை முடிந்த பிறகும் பையில் பெரும்பகுதி அப்படியே கிடந்தால், அந்தத் தோப்பில் தின்ன ஆளில்லை. அருகிலுள்ள சாமிக்காட்டில், கோயிலாரின் அனுமதியோடு, இன்னொரு பையைப் போட்டுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஓர் ஆண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.