சொல்லாத துயரைச் சித்திரம் சொல்லும்

டுபாயிலும் குவைத்திலும் கட்டாரிலும் உழைக்கும் எம்மவர் பலருடைய பிள்ளைகள் ஊரிலே அம்மம்மாவின் அரவணைப்பில் வளர்கின்றனர். தொலைபேசியில் “சுகமாக இருக்கிறேன்” என்பதற்கு மேல் அப்பிள்ளைகள் பேசுவதில்லை. பேசாத பிள்ளைக்குத் துயரமில்லை என்று நாம் எண்ணிவிடலாகாது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு அமைத்ததே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் இம்முயற்சியில் முன்னின்றனர். போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறார்கள் அயற்கிராமங்களிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் வண்ணந்தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர், கூடி நடித்தனர். நடந்ததைச் சொல்லுமாறு எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

கலைவழி ஆற்றுப்படுத்தலின் அடிப்படை இதுவே. நெஞ்சினுள் உருவமற்றுக் கிடக்கும் அச்சம் தாளில் ஓர் உருவம் பெறுகிறது. உருவம் பெற்றதைப் பிள்ளை தள்ளிநின்று பார்க்கலாம், மாற்றியும் வரையலாம். இழந்தவர் மீளமாட்டார். ஆயினும் துயரைத் தனியே சுமக்கும் நிலை மாறும்.

கடல் கடந்து வாழும் பெற்றோரே! அடுத்தமுறை பேசும்போது பரீட்சைப் புள்ளிகளை மட்டும் கேளாதீர்கள். ஒரு சித்திரம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அழகு பார்க்காதீர்கள்; பொருள் கற்பிக்காதீர்கள். “இதிலே என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேட்டு, பொறுமையுடன் செவிகொடுங்கள். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குன்றினால், உளவளத்துணையாளரை நாடத் தயங்காதீர்கள்.