வலையும் விசுவாசமும்

யாழ்ப்பாண நகரின் தென்கரையில், கடல்நீரேரியை அணைந்து கிடப்பது குருநகர். பழையோர் இதனைக் கரையூர் என்பர். கடலை நம்பி வாழும் கத்தோலிக்க மக்கள் நிறைந்த ஊர் இது. மாலைப் பொழுதில் அங்குச் சென்றால், கரையில் அமர்ந்து வலை பொத்துவோரைக் காணலாம். ஆலய மணி ஒலித்ததும் அவருள் முதியவர் சிலர் கைவேலையை நிறுத்திச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வர். மணியோசை அடங்கியதும் கை மீண்டும் நூலைப் பற்றும். அக்காட்சியைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. சிலுவை இட்டதும் வலை பொத்துவதும் ஒரே கைதான். ஆயினும் சிலுவை உணர்த்தும் அறம் அந்த வலை வரையிற் சென்று சேர்கின்றதா?

இதனைக் கேட்பதற்குச் சைவராகிய நமக்கு என்ன உரிமை உண்டென வாசகர் எண்ணலாம். நியாயமான ஐயமே. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் நாம் மக்களைச் 'சைவக்காரர்' என்றும் 'வேதக்காரர்' என்றும் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். ஒருவர் இன்ன சமயத்தவர் என்று தெரிந்துவிட்டால், அவரைப்பற்றி யாவும் தெரிந்துவிட்டதாக நமக்கு ஓர் எண்ணம். உண்மையில் நாம் அறிந்தது அவர் எதனை நம்புகிறார் என்பதை மட்டுமே. அந்த நம்பிக்கை அவரை என்ன செய்கின்றது என்பதை அவருடைய தொழிலிலும் கொடுக்கல் வாங்கலிலும் தான் அறிய முடியும். இவ்வுண்மை எல்லாச் சமயத்தாருக்கும் பொது. குருநகரை முன்வைத்துப் பேசினாலும், முடிவில் நம் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்வோம்.

குருநகர் மக்கள் தம் காவலராகப் போற்றுபவர் புனித யாகப்பர். இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான இவரும் ஒரு மீனவரே. கலிலேயாக் கடற்கரையில், தந்தை செபதேயுவுடனும் தம்பியுடனும் படகில் இருந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தபோது அவருக்கு அழைப்பு வந்தது என நற்செய்தி கூறுகின்றது. அவர் படகையும் தந்தையையும் விட்டு எழுந்து சென்றார். அவர் தம் பிழைப்பையே விட்டுச் சென்றார் என்பதை ஒரு மீனவ ஊர் நன்கு உணரும்.

விவிலியத்தில் யாகப்பர் பெயரால் ஒரு திருமுகமும் உண்டு. அதனை எழுதியவர் இந்த மீனவர் அல்லர், அப்பெயர் கொண்ட மற்றொருவர் என்பதே அறிஞர் பலரின் கருத்து. எழுதியவர் எவராயினும், அத்திருமுகத்தின் நோக்கம் தெளிவானது. செயலாக மலராத விசுவாசத்தை அது உயிரற்றதாகவே கணிக்கின்றது. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இன்றி நிற்பவரை நல்வார்த்தை மட்டும் கூறி அனுப்புவதில் என்ன பயன் உண்டென வினவுகின்றது. கடவுள் ஒருவர் உண்டென்பதைப் பேய்களும் நம்புகின்றனவே எனக் குத்திக் காட்டுகின்றது. வேலையாளின் கூலியைப் பிடித்து வைக்கும் செல்வரையும் கடுமையாகச் சாடுகின்றது. யாகப்பர் பெயரால் ஆலயம் எழுப்பிய எந்த ஊருக்கும் இத்திருமுகம் ஓர் உரைகல்லாகும்.

செயலால் பேசிய விசுவாசத்துக்கு யாழ்ப்பாண மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் இந்நாட்டில் நுழைவதற்குத் தடை இருந்தது. அக்காலத்தில், 1687ஆம் ஆண்டில், கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் கண்டிக்குச் சென்ற அவரை அங்குள்ளோர் ஒற்றரென ஐயுற்றுச் சிறைவைத்தனர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, நோயுற்றோர் பலர் உறவினராலேயே கைவிடப்பட்டனர். அவர்களுக்கு உணவூட்டியும் புண் கழுவியும் இறந்தோரை அடக்கம் செய்தும் உழைத்தவர் அடிகளே. நோயாளி எச்சமயத்தவர் என்று அவர் பார்த்ததில்லை. சொற்பொழிவால் பெறமுடியாத நம்பிக்கையை அத்தொண்டு அவருக்குக் கண்டி அரசனிடத்திலும் மக்களிடத்திலும் பெற்றுத் தந்தது. 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

குருநகர் மக்களின் விசுவாசத்தைக் குறைத்து மதிப்பிட எவராலும் இயலாது. 1986 யூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குச் சென்ற இவ்வூர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் யாகப்பர் ஆலயமே சிதைந்தது, உயிர்களும் மாண்டன. போர்க்காலத்தில் கடற்றடைகளால் அடுப்பெரியாத நாள்கள் பல. இத்தனைக்குப் பின்னரும் இம்மக்கள் செபமாலையைக் கைவிடவில்லை. ஆலயத்தை மீண்டும் எழுப்பினர். துன்பம் என்னும் சோதனையில் இவ்வூர் தேறிய ஊர்.

ஆனால் விசுவாசத்துக்கு வேறொரு சோதனையும் உண்டு. அது குண்டைப்போல் ஒருநாள் வந்து போவதன்று. அன்றாடம், தொழில் செய்யும் இடத்தில், இலாபத்தின் வடிவில் வந்து நிற்பது. வடகடலில் அதற்கு 'இழுவைமடி' என்று பெயர். மக்கள் 'றோலர்' என்பதும் இதனையே.

கடலை அறியாத வாசகருக்காக இதனைச் சிறிது விளக்குவோம். இழுவைமடி பை போன்ற பெருவலை. அதன் வாய் மூடாதிருக்க இருபுறமும் பாரமான பலகைகள் பூட்டப்பட்டிருக்கும். வலுமிக்க இயந்திரப் படகு அதனைக் கடலடி நிலத்தோடு உரசி இழுத்துச் செல்லும். இறாலைத் தேடிச் செல்லும் அப்பை, குஞ்சும் முட்டையும் பாசியும் என எதிர்ப்பட்ட யாவற்றையும் வாரிக்கொள்ளும். வழியில் ஏழை மீனவன் விரித்துவைத்த வலை இருந்தால் அதனையும் அறுத்துச் செல்லும். வள்ளமும் ஒரு தொகுதி வலையும் மட்டுமே உடைமையாகக் கொண்டவனுக்கு ஓரிரவில் முதல் முழுவதும் போய்விடுகின்றது. கடன் மட்டும் எஞ்சுகின்றது.

இந்த வலையை இழுப்போர் யார்? பெரும்பகுதி இராமேசுவரம் முதலான தமிழகக் கரைகளிலிருந்து வரும் படகுகள். 1960களில் தொடங்கி அரசின் ஊக்கத்தோடு வளர்ந்த தொழில் அது. 2009இல் போர் முடிந்து நம் மீனவர் மீண்டும் கடலுக்குச் சென்றபோது, அக்கடலில் இப்படகுகள் நிறைந்திருக்கக் கண்டனர். ஆயினும் குறை முழுவதும் அக்கரைக்கே உரியது என்று கூறுதல் நேர்மையன்று. அளவிற் சிறியனவாயினும் நம் பக்கத்திலும் இழுவைப் படகுகள் உண்டு. குருநகரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் அவை தொழில் செய்துவந்தன. அவற்றாலும் தம் வலையும் கடலும் கெடுகின்றன எனச் சிறுதொழில் மீனவர் முறையிட்டுள்ளனர். 2017 யூலையில், பாராளுமன்ற உறுப்பினர் ம. ஆ. சுமந்திரன் கொணர்ந்த தனிநபர் பிரேரணை நிறைவேறி, இழுவைமடித் தொழில் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் வழக்கு ஓயவில்லை.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா கூர்மை பெறுகின்றது. வலையை இழப்பவனும் கத்தோலிக்கன். அறுப்பவனும் பல வேளைகளில் கத்தோலிக்கன். இருவரும் தமிழர். இருவரும் ஒரே செபத்தை ஒரே மொழியிற் சொல்பவர். இதனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் கச்சதீவுக்குச் செல்லவேண்டும்.

1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையைச் சேர்ந்த அச்சிறு தீவில் குடியிருப்போர் இல்லை. அங்குள்ளது புனித அந்தோனியார் ஆலயம். மீன்களும் செவிசாய்க்கப் போதித்தவர் என்று அவரைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி நடைபெறும் பெருநாளுக்கு இரு கரையினரும் படகேறி வருவர். ஒன்றாகச் சிலுவைப்பாதை சென்று, ஒன்றாகப் பூசை காண்பர். உறவினர் கண்டு அளவளாவுவர். மறுநாள் அவரவர் கரைக்கு மீள்வர். சில நாள்களில் இழுவைப் படகுகள் மீண்டும் புறப்படும். அந்தோனியாரின் முன்னிலையில் அருகருகே முழந்தாளிட்டவரில் ஒருவர் மற்றவருடைய வலையை இருளில் அறுத்துச் செல்வதும் நேரலாம். தாம் அறுத்தது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருப்பதில்லை.

2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சென்னையில் இரு நாட்டு மீனவர் கூடிப் பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துவதென அங்கு இணக்கம் காணப்பட்டது. அது நிறைவேறவில்லை. பகை வளர்ந்தது, கைதுகள் பெருகின. 2024இல், சிறைத்தண்டனை பெற்ற தம்மவருக்காக இராமேசுவரம் மீனவர் கச்சதீவுப் பெருநாளையே புறக்கணித்தனர். கடலிலிருந்த பூசல் அவ்வாண்டு ஆலய வாயிலையும் எட்டிவிட்டது. 2025இல் அவர்கள் மீண்டும் வந்தனர் என்பது ஆறுதலான செய்தி.

இனி, இழுவைப் படகுக்காரரை இழித்துரைத்துவிட்டு அமைவது எளிது. அவ்வாறு செய்தல் தகாது. படகுக்கு வாங்கிய கடன் அவர் கழுத்தை இறுக்குகின்றது. படகில் கூலிக்குச் செல்பவனோ இன்னும் இரங்கத்தக்கவன். சம்மாட்டி கரையில் இருக்க, பிடிபட்டுச் சிறையில் கிடப்பவன் அவனே. "நிறுத்து" என்று நாம் சொல்லும் ஒரு சொல்லில் அவன் வீட்டுப் பிள்ளைகளின் உணவு அடங்கியிருக்கின்றது. ஆகவே, சமயத்தை வாழ்ந்து காட்டுக என்று ஒருவனை நோக்கிச் சொல்லுமுன், அதற்கு அவன் கொடுக்கவேண்டிய விலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாம் கருதுவது இதுவே. ஆலயத்துள் விசுவாசம் கொள்வதற்கு விலை இல்லை. பெருநாளுக்குக் காணிக்கை கொடுப்பதும் எளிது. கொடுத்தவர் பெயரும் வாசிக்கப்படும். வருவாய் குறையும் இடத்தில், எவரும் பாராத நடுக்கடலில், அயலானுடைய வலையைக் கண்டு படகைத் திருப்புகின்றவனே தன் சமயத்தை வாழ்கின்றான். ஆயினும் அவ்விலையை அவன் தனியே கொடுக்குமாறு விட்டுவிடும் சமூகம் தன் பங்கைச் செய்ததாகாது. யாகப்பர் படகை விட்டு எழுந்தபோது செபதேயுவும் கூலியாள்களும் அங்கே தொழிலைத் தொடர்ந்தனர். இன்று எழுந்து வருபவனைத் தாங்குவதற்கும் ஆள் வேண்டும். பெருநாள் வாணவேடிக்கைக்குத் திரளும் பணத்தில் ஒரு பங்கு, இழுவைமடியைக் கைவிட்டவன் வேறு வலை வாங்குவதற்கும், வலை இழந்தவன் மீண்டும் கடலுக்குச் செல்வதற்கும் உதவுமாயின், அதுவே பெரிய பூசையாகும்.

இவ்வளவும் சொன்ன நாம் இனி நம் பக்கம் திரும்புவோம். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், சாதியின் பெயரால் விலக்கப்பட்டிருந்த அடியார்கள் உள்ளே சென்று வழிபட முயன்றபோது, அவர்களை வழிமறித்து நின்றோரும் நெற்றி நிறைய நீறு பூசியோரே. குலத்தையும் கோத்திரத்தையும் பற்றிக்கொண்டு சாத்திரம் பேசுவோரை அப்பரடிகள் கடிந்து பாடி எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அது நிகழ்ந்தது. தேவாரம் ஓதியவர் வாயும் வழிமறித்தவர் கையும் ஒருவருடையனவே. ஆகவே இந்நோய் வேதக்காரருக்கு மட்டும் உரியதென எண்ணி எந்தச் சைவரும் மகிழ வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? வெள்ளிக்கிழமை மச்சம் விலக்கி, கோயிலுக்குச் சென்று, சனிக்கிழமை காலையில் மீன் சந்தைக்குச் செல்கிறோம். விடியுமுன் எழுந்து ஏலத்தில் எடுத்து வந்த பெண், பெட்டியை முன்வைத்து அமர்ந்திருக்கிறாள். அவளிடத்தில் நாம் எத்தனை நேரம் பேரம் பேசுகிறோம்! நகைக்கடையில் கூசாமற் கொடுக்கும் நாம், அவளிடத்தில் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். மலிவான இறால் எங்கிருந்து, எவருடைய வலையை அறுத்து வந்ததென்று ஒருநாளும் கேட்டதில்லை. இழுவைமடியின் ஒரு முனை கடலடியில் உரசுகின்றதென்றால், மறு முனை நம் அடுக்களையில் கட்டப்பட்டிருக்கின்றது.

அடுத்த முறை குருநகர்க் கரையில் ஆலய மணி ஒலிக்கக் கேட்கும்போது, அது கத்தோலிக்கருக்கு மட்டும் ஒலிப்பதாக நாம் எண்ணாதிருப்போம். வலை பொத்தும் முதியவர் சிலுவை இட்டுக்கொள்ளட்டும். நாம் நம் ஐந்தெழுத்தை ஓதுவோம். அதன் பின்னர் அவர் வலைக்கும் நாம் சந்தைக்கும் போகத்தான் வேண்டும். அங்கே அயலானை நினைக்கிறோமா என்பதே இருவருக்கும் உரிய வினா.