வாய்க்கால் தண்ணீரின் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி

"ஏனுங்க சார், வாய்க்கால்ல தண்ணி எப்ப வருமுங்க?"

வெள்ளகோவில் பகுதியில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் அதற்கு அப்புறம்தான். பி.ஏ.பி. பாசனத்தின் கடைமடை நாம். மலையில் மழை குறைந்தால் முதலில் காய்வது நம் கிளை வாய்க்கால். அந்தத் தண்ணீர் பிறக்கும் காட்டை ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று, போன தை மாதம் ஏழெட்டு விவசாயிகளோடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குக் கிளம்பினேன். டாப்சிலிப்பில் ஒரு ராத்திரி தங்கல்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக மலை ஏற வேண்டும். சேத்துமடைக்குப் பக்கம்தான் சர்க்கார்பதி மின்நிலையம். வால்பாறைப் பக்கத்து நீராறு, சோலையாறு தண்ணீர் பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகளைக் கடந்து, சுரங்கம் வழியாக இங்கே இறங்குகிறது. பிறகு காண்டூர் கால்வாயில் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணை சேர்கிறது. அங்கிருந்துதான் நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள்.

டாப்சிலிப் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் தேக்கை வெட்டி மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடம். பெயரே அப்படி வந்ததுதான். மொட்டையான காட்டைத் திரும்ப வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் அந்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

மாலையில் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று புல்வெளிக்கு வந்தது. கரிய உடம்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம். காங்கயம் காளை வளர்க்கும் நம் ஆட்கள் திமிலையும் கொம்பையும் அளந்து அரைமணி நேரம் பேசினார்கள்.

மறுநாள் விடியலில், மலசர் இனத்து வழிகாட்டியோடு கரியன்சோலைக்குப் போனோம். இது அசல் மழைக்காடு. தலைக்கு மேல் 'புஸ், புஸ்' என்று காற்று ஊதும் சத்தம். மலை இருவாச்சி பறந்தது. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சேவல் வெளியிலிருந்து ஒரு சிறு இடுக்கு வழியாக அத்திப்பழம் ஊட்டும். விழுங்கிய பழத்தின் விதைகளை காடெங்கும் போடுவதும் இந்தப் பறவைதான். கூலி வாங்காத விதைப்பாளி.

புலி கண்ணில் படவில்லை. ஆனால், எங்களோடு வந்த அறுபத்தைந்து வயது தென்னை விவசாயி குனிந்து சருகைக் கிளறினார். முழங்கை ஆழத்துக்கு மக்கு. பிழிந்தால் ஈரம். "மழை நின்னு இத்தனை நாளாச்சு, ஓடை இன்னும் ஓடுது பாருங்க சார். நாம மட்டையைக் கொளுத்தறோம்" என்றார். மூடாக்கு பற்றி நான் கூட்டம் போட்டுச் சொன்னது ஏறவில்லை. அந்தச் சருகு சொன்னது ஏறிவிட்டது. இப்போது அவர் தோப்பில் தென்னைமட்டை எரிவதில்லை, மரத்தடியில் பரப்பிக் கிடக்கிறது.

காடு பத்திரமாக இருந்தாலே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பங்கீடும் திருட்டும் வேறு கதை. ஆனால் காடு போய்விட்டால் பங்கு பிரிக்கவே ஒன்றும் இருக்காது.

போகிறவர்கள் கவனத்துக்கு:

* காட்டுக்குள் இஷ்டப்படி கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.
* பச்சை, காக்கி நிற உடுப்பு நல்லது. பாட்டு, சத்தம், பிளாஸ்டிக் வேண்டாம்.
* அதிகாலையும் சாயங்காலமும்தான் விலங்குகள் கண்ணில் படும். வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.
* மழைக்காலத்தில் அட்டை ஏறும். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள்.
* சிங்கவால் குரங்கு பார்க்க ஆசைப்பட்டால் வால்பாறை புதுத்தோட்டம் போங்கள். தீனி மட்டும் போடாதீர்கள்.
* கோடையில் காட்டுத்தீ பயத்தால் அனுமதியை நிறுத்துவது உண்டு. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாளைக்கு வாய்க்கால் கரையில் நிற்கப்போவது அவர்கள்தானே.